ஒரே ஆசனம், இரண்டு பயணிகள்: இழைகள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் முறை

சித்திரைப் புத்தாண்டுக்கு ஊர் வந்தவர்கள் கொழும்புக்குத் திரும்பும் நாட்களில், அக்கரைப்பற்று, கல்முனை, மட்டக்களப்பு ஆகிய இடங்களிலிருந்து புறப்படும் இரவு பஸ்களின் ஆசனங்களுக்குப் பெரும் போட்டி நிலவும். கைபேசி வழி முற்பதிவில் அப்போது எழக்கூடிய முறைப்பாடு ஒன்று பலருக்கும் பழக்கமானது. 14ஆம் இலக்க ஆசனம் இருவருக்கு உறுதிசெய்யப்பட்டிருக்கும். இருவரும் பணம் செலுத்தியிருப்பார்கள். இருவர் கைபேசியிலும் உறுதிக் குறுஞ்செய்தி இருக்கும். "சிஸ்டம் பிழை" என்ற இரண்டு சொற்களோடு விளக்கம் முடிந்துவிடும்.

ஆனால் கணினி எந்த இடத்திலும் பிழையாகக் கணக்கிடவில்லை. அது நிறைவேற்றிய ஒவ்வொரு கட்டளையும் தனித்தனியே சரியானது. ஒரே வேளையில் ஓடிய இரண்டு வேலைகள், ஒன்று செய்துகொண்டிருப்பதை மற்றொன்று அறியாமல் போனதுதான் பிழை. ஒருங்கிணைவு என்று நிரலாக்கத்தில் பேசப்படும் துறை முழுவதும் இந்த அறியாமையைப் போக்குவதற்காக எழுந்தது. அதன் அடிப்படைகளையும், அவற்றைத் தவறாகக் கையாளும்போது நேர்பவற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இழை என்பது என்ன

செய்நிரல் ஒன்று ஓடத் தொடங்கும்போது இயக்க முறைமை அதற்கென நினைவகத்தில் தனி இடம் ஒதுக்குகிறது. அவ்வாறு இடம் பெற்று ஓடிக்கொண்டிருப்பது செயன்முறை எனப்படும். ஒரு செயன்முறைக்குள்ளே கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றிச் செல்லும் ஓட்டங்கள் பல இருக்கலாம். அவற்றுள் ஒவ்வொன்றும் ஓர் இழை. மென்பொருள் எழுதுவோர் பேச்சில் திரெட் என்று வழங்குவது இதுவே.

ஒவ்வோர் இழைக்கும் தான் நிறைவேற்றும் கட்டளையின் இடம், செயலியின் பதிவகங்களில் (கணக்கிடும்போது பயன்படும் சிறு சேமிப்பிடங்களில்) உள்ள பெறுமதிகள், தன் சார்புகளின் (நிரலின் சிறு பகுதிகளின்) உள்ளூர் மாறிகளை வைக்கும் அடுக்கு ஆகியவை சொந்தமானவை. எஞ்சிய நினைவகம் எல்லா இழைகளுக்கும் பொது. ஒரே வளவுக்குள் அறைகள் தனித்தனியாகவும் கிணறு பொதுவாகவும் இருக்கும் வீட்டைப் போன்றது இந்த ஏற்பாடு. பொதுக் கிணறு இருப்பதால்தான் இழைகள் ஒன்றோடொன்று தரவுகளை விரைவாகப் பகிர முடிகிறது. எல்லாச் சிக்கலும் தொடங்குவதும் அந்தக் கிணற்றடியில்தான்.

கோர் எனப்படும் கணக்கிடும் அலகு ஒன்றே கொண்ட செயலியில் இயக்க முறைமை இழைகளை மாற்றி மாற்றி ஓடவிடுகிறது. பல கோர்கள் இருந்தால் அவை உண்மையிலேயே ஒரே கணத்தில் ஓடுகின்றன. 2005ஆம் ஆண்டளவில் செயலிகளின் கடிகார வேகம் முன்போல் உயர முடியாமல் நின்றது. தயாரிப்பாளர்கள் வேகத்தைக் கூட்டுவதற்குப் பதிலாகக் கோர்களின் எண்ணிக்கையைக் கூட்டினர். இன்று சாதாரணக் கைபேசியிலும் எட்டுக் கோர்கள் உண்டு. எந்த இழை எந்தக் கணத்தில் நிறுத்தப்படும், எது முந்தும் என்பதை நிரல் எழுதியவரால் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

ஆசனம் 14 இல் நடந்தது

முற்பதிவுக் கோரிக்கை ஒன்று சேர்வருக்கு வந்ததும் அதைக் கவனிக்கும் இழை மூன்று படிகளைச் செய்கிறது.

1. ஆசனம் 14 இன் நிலையை வாசிக்கிறது.
2. அது வெறுமையாக உள்ளதா என்று பார்க்கிறது.
3. வெறுமை என்றால், பயணியின் பெயரை எழுதி உறுதிச் செய்தி அனுப்புகிறது.

கல்முனையிலிருந்து வந்த கோரிக்கையின் இழை முதல் இரண்டு படிகளை முடித்த கணத்தில் நிறுத்தப்படுகிறது என்று கொள்வோம். அந்த இடைவெளியில் மட்டக்களப்பிலிருந்து வந்த கோரிக்கையின் இழை மூன்று படிகளையும் முடித்துவிடுகிறது. பின்னர் முதல் இழை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. ஆசனம் வெறுமை என்று அது ஏற்கெனவே முடிவுகட்டிவிட்டது. மறுபடி பார்க்கும்படி யாரும் அதற்குச் சொல்லவில்லை. எனவே மட்டக்களப்புப் பயணியின் பெயர் இருந்த இடத்தில் கல்முனைப் பயணியின் பெயரை எழுதுகிறது. இரண்டு உறுதிச் செய்திகளும் போய்ச் சேர்ந்துவிட்டன. யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்து விளைவு மாறும் இத்தகைய நிலை போட்டி நிலை எனப்படும்.

மூன்று படிகள் வெளிப்படையாகத் தெரியும் இடத்தில்தான் இது நடக்கும் என்று எண்ணக்கூடாது. ஒரு மாறியில் ஒன்றைக் கூட்டும் ஒற்றை வரிகூடச் செயலியின் மட்டத்தில் பெரும்பாலும் எடுத்தல், கூட்டுதல், திரும்ப வைத்தல் என மூன்றாகப் பிரியும். ஒரே எண்ணியை இரண்டு இழைகள் தலா 1,00,000 தடவை பாதுகாப்பின்றிக் கூட்டினால், முடிவில் 2,00,000 கிடைக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. பெரும்பாலும் குறைவாகவே வரும். ஓட்டத்துக்கு ஓட்டம் வேறு எண்ணாகவும் வரும்.

பூட்டு: ஒருவர் உள்ளே, மற்றவர் வெளியே

இலங்கையின் ஒற்றைத் தண்டவாளப் பாதைகளில் நெடுங்காலமாக நடைமுறையில் இருந்த ஏற்பாடு ஒன்று இங்கு பொருந்தும். இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட பகுதிக்குள் நுழைய வேண்டுமானால், வளையம் பொருத்திய பையில் வைத்துத் தரப்படும் வட்டத் தகட்டை ரயில் ஓட்டுநர் கையில் பெற்றிருக்க வேண்டும். இரு நிலையங்களிலும் உள்ள கருவிகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருப்பதால், ஒரு தகடு வெளியே இருக்கும்போது அடுத்த தகட்டை எந்த முனையிலும் எடுக்க முடியாது. தகடு இல்லாத ரயில் காத்திருக்கும்.

நிரலில் இந்தத் தகட்டின் வேலையைச் செய்வது பூட்டு. மியூட்டெக்ஸ் என்றும் சொல்வர். மேற்கண்ட மூன்று படிகளுக்கு முன் பூட்டைப் பெற்று, முடிந்ததும் விட்டுவிட வேண்டும் என்று விதித்தால், ஒரு வேளையில் ஓர் இழை மட்டுமே அப்பகுதிக்குள் இருக்கும். பல செயன்முறைகள் ஒரே வளத்தை ஒரு வேளையில் ஒன்றாகப் பயன்படுத்தும் இந்தச் சிக்கலைக் கணினியியலில் தெளிவாக வரையறுத்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. 1965இல் அவர் இதுபற்றி எழுதினார். அவர் உருவாக்கிய செமஃபோர் என்னும் கருவியின் பெயரும் ரயில் பாதையின் கைகாட்டியிலிருந்து வந்ததுதான். செமஃபோர் ஓர் எண்ணைத் தாங்கியிருக்கும். மூன்று லொறிகள் மட்டும் நிற்கக்கூடிய இறக்குமிடத்துக்கு மூன்று என்ற எண்ணோடு அதை வைத்தால், நான்காவது லொறி தானாக வெளியே நிற்கும்.

பூட்டுக்கு இரண்டாவது வேலை ஒன்றும் உண்டு. புதிதாகக் கற்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள் என்பதால் சற்று நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு கோரும் தனக்கு அருகில், அண்மையில் பயன்படுத்திய தரவின் பிரதியைத் தாங்கும் பதுக்கு நினைவகம் ஒன்றை வைத்திருக்கிறது. நிரலைச் செயலியின் கட்டளைகளாக மாற்றும் தொகுப்பியும், செயலியும், ஓர் இழையின் பார்வையில் விளைவு மாறாத வரையில், கட்டளைகளின் ஒழுங்கை மாற்றிக்கொள்ள உரிமை பெற்றவை. ஆகவே ஓர் இழை "வேலை முடிந்தது" என்று ஒரு மாறியில் எழுதினால், மற்ற இழை அதை உடனே காணும் என்பதும், அதற்கு முன் எழுதப்பட்ட தரவுகள் அதற்கு முன்னரே தெரியும் என்பதும் உறுதியல்ல. ஓர் இழை பூட்டை விடும்போது அதுவரை எழுதியவை யாவும், அதே பூட்டை அடுத்துப் பெறும் இழைக்குத் தெரிந்தாக வேண்டும் என்ற உறுதியைப் பூட்டு தருகிறது. ஜாவா மொழியில் இந்த விதிகள் 2004இல் வந்த ஐந்தாம் பதிப்போடு செம்மைப்படுத்தப்பட்டன. சி பிளஸ் பிளஸ் மொழிக்கு 2011ஆம் ஆண்டுத் தரத்தில்தான் இழைகள் பற்றிய நினைவக விதிகள் கிடைத்தன. "வாசிக்க மட்டும்தானே, பூட்டு எதற்கு" என்ற வாதம் விழுவது இங்கேதான்.

காத்திருத்தலும் எழுப்புதலும்

பூட்டு, ஒருவரை ஒருவர் இடிக்காமல் பார்த்துக்கொள்கிறது. ஆனால் ஒருவர் மற்றவருக்கு எதையும் சொல்வதில்லை. கடினமான பகுதி இதற்கு மேல்தான் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அவித்துக் காயவைத்த நெல்லை ஒருவர் தொட்டியில் கொட்டுகிறார். தொட்டியிலிருந்து குத்தும் இயந்திரம் நெல்லை இழுக்கிறது. தொட்டி நிறைந்தால் கொட்டுபவர் நிற்க வேண்டும். வெறுமையானால் இயந்திரம் நிற்க வேண்டும். நிரல்களில் தரவை உண்டாக்கும் இழைக்கும் நுகரும் இழைக்கும் இடையிலான உறவு பெரும்பாலும் இதே வடிவத்தில்தான் அமைகிறது. படங்களைத் தரவிறக்கும் இழையும் அவற்றைத் திரையில் காட்டும் இழையும், கோரிக்கைகளை வாங்கும் இழையும் அவற்றை முடிக்கும் இழையும் இவ்வாறானவை.

இயந்திரத்தின் இழை "நெல் வந்ததா, வந்ததா" என்று பூட்டை எடுத்தும் விட்டும் ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கலாம். அது செயலியின் நேரத்தையும் மின்கலத்தையும் வீணாக்கும். எனவே, நெல் வரும் வரை உறங்கி, வந்ததும் எழுப்பப்பட வேண்டும். இதற்கான கருவி நிபந்தனை மாறி. உறங்கு, எழுப்பு என்ற இரண்டு கட்டளைகள் கொண்ட எளிய கருவிபோல் தோன்றும் இதில் இரண்டு குழிகள் உள்ளன.

முதற்குழி, வீணாகும் மணி. இயந்திரத்தின் இழை தொட்டியைப் பார்க்கிறது, வெறுமை. உறங்கப் போகிறது. அதற்கும் உறக்கத்துக்கும் இடைப்பட்ட கணத்தில் கொட்டுபவர் நெல்லைக் கொட்டி, எழுப்பும் மணியை அடித்துவிடுகிறார். உறங்குபவர் எவரும் இல்லாததால் மணி வீண். பிறகு இயந்திரத்தின் இழை உறங்குகிறது. அதை எழுப்ப இனி எவரும் இல்லை. தொட்டியில் நெல் இருக்க, இயந்திரம் சும்மா நிற்கும். இதனால்தான் நிபந்தனையைப் பார்ப்பது பூட்டுக்குள் நடக்க வேண்டும் என்றும், பூட்டை விடுவதும் உறங்குவதும் பிரிக்க முடியாத ஒரே செயலாக அமைய வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. ஜாவாவில் பூட்டைப் பெறாமல் வெயிட் என்னும் இந்த உறங்கு கட்டளையை அழைத்தால் நிரல் தவறு காட்டி நின்றுவிடுவதற்கும் காரணம் இதுவே.

இரண்டாவது குழி நுட்பமானது. அதை விளக்க வயற்பக்கம் போவது நல்லது. உன்னிச்சைக் குளத்துத் துருசு திறக்கப்பட்டு, இன்று உங்கள் முறை என்று, நீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானையிடமிருந்து சொல் வருகிறது. வாய்க்காலின் கடைக்கோடியில் வயல் வைத்திருப்பவர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்படுகிறார். அவர் வரம்பில் போய் நிற்கும்போது தண்ணீர் இருக்குமா? சொல் வந்தபோது வாய்க்காலில் தண்ணீர் இருந்தது உண்மை. அவர் வந்து சேர்வதற்குள் மேலே உள்ள ஒருவர் தன் மடையைத் திறந்திருக்கலாம். எனவே அனுபவமுள்ள எந்த விவசாயியும் செய்தியை நம்பி மடையை வெட்டுவதில்லை; வாய்க்காலைப் பார்த்துவிட்டுத்தான் வெட்டுவார்; இல்லையென்றால் மறுபடி காத்திருப்பார்.

எழுப்பப்பட்ட இழையின் நிலையும் இதுதான். அது விழித்தவுடன் ஓடிவிடுவதில்லை. பூட்டை மறுபடி பெற்ற பிறகே தொடர முடியும். அந்த இடைவெளியில் மூன்றாவது இழை ஒன்று பூட்டைப் பெற்று நெல்லை எடுத்துப் போயிருக்கலாம். கணினியியலாளர்களான பெர் பிரிஞ்ச் ஹான்சனும் டோனி ஹோரும் 1970களின் முற்பகுதியில், பூட்டையும் காத்திருத்தலையும் ஒன்றாக இணைக்கும் மொனிட்டர் என்னும் கட்டமைப்பை முன்வைத்தார்கள். 1974இல் ஹோர் விவரித்த வடிவத்தில், எழுப்புபவர் பூட்டை எழுந்தவர் கையில் நேரடியாகவே கொடுப்பார். ஆகவே எழுந்தவர் நிபந்தனையை நம்பலாம். ஆனால் செரொக்ஸ் ஆய்வகத்தின் மேசா மொழியில் பெற்ற பட்டறிவை 1980இல் எழுதிய லாம்ப்சனும் ரெடலும் வேறு வழியைத் தெரிந்தெடுத்தார்கள். அங்கே எழுப்புதல் ஒரு குறிப்பு மட்டுமே. உண்மையை எழுந்தவர் தாமே சரிபார்க்க வேண்டும். இன்று ஜாவா, சி பிளஸ் பிளஸ், பைதன், லினக்ஸில் வழங்கும் போசிக்ஸ் (இயக்க முறைமைகளுக்கான பொதுத் தரம்) இழைகள் ஆகிய எல்லாமே மேசாவின் வழியில் நிற்பவை. போசிக்ஸ் தரம் இன்னும் ஒருபடி மேலே சென்று, எவரும் எழுப்பாமலே இழை விழிக்கக்கூடும் என்றும் அனுமதிக்கிறது.

நடைமுறையில் இதன் பொருள் ஒரே ஒரு சொல் மாற்றம். உறங்கு கட்டளையைச் சூழ்ந்து 'இஃப்' என்று எழுதப்பட்டிருந்தால் அது பிழை. 'வைல்' என்று எழுதப்பட்டிருக்க வேண்டும். "தொட்டி வெறுமையாக இருந்தால் உறங்கு" என்பதற்கும் "தொட்டி வெறுமையாக இருக்கும்வரை உறங்கு" என்பதற்கும் உள்ள வேறுபாடு அது. பிறர் எழுதிய நிரலைப் பரிசீலிக்கும்போது முதலில் தேட வேண்டியது எது என்று கேட்டால், இந்தச் சொல்லைத்தான் சொல்ல வேண்டும்.

ஒருவரை எழுப்புவதா, எல்லோரையும் எழுப்புவதா என்ற கேள்வியும் உண்டு. கொட்டுபவரும் இயந்திரமும் ஒரே நிபந்தனை மாறியில் உறங்கினால், இயந்திரத்தை எழுப்ப அடித்த மணிக்கு இன்னொரு கொட்டுபவர் விழித்து, தொட்டி நிறைந்திருப்பதைக் கண்டு மறுபடி உறங்கிவிடலாம், மணி வீணாகிவிடும். இரு தரப்புக்கும் தனித்தனி நிபந்தனை மாறி வைப்பது நல்லது. இயலாவிட்டால் எல்லோரையும் எழுப்பிவிட வேண்டும். சற்று வீண்செலவு, ஆனால் பாதுகாப்பு.

பாலத்தின் நடுவே இரண்டு பஸ்கள்

2013இல் புதிய பாலம் திறக்கப்படும்வரை மட்டக்களப்பின் கல்லடிப் பழைய பாலத்தைக் கடந்தவர்களுக்கு முட்டுநிலையை விளக்கத் தேவையில்லை. ஒடுங்கிய பாலத்தில் இரு முனையிலிருந்தும் ஒரே வேளையில் வாகனங்கள் ஏறிவிட்டால், ஒருவர் பின்வாங்கும்வரை எவரும் நகர முடியாது. இழைகளில் இது டெட்லொக். முதல் இழை கணக்கு ஒன்றைப் பூட்டிக்கொண்டு கணக்கு இரண்டுக்காகக் காத்திருக்கிறது. இரண்டாவது இழை கணக்கு இரண்டைப் பூட்டிக்கொண்டு ஒன்றுக்காகக் காத்திருக்கிறது.

1971இல் கொஃப்மனும் அவரோடு எழுதியவர்களும் இதற்கு நான்கு நிபந்தனைகள் ஒருங்கே நிறைவேற வேண்டும் என்று வகுத்தார்கள்: வளம் ஒருவருக்கே உரியதாக இருத்தல், ஒன்றை வைத்துக்கொண்டே மற்றதைக் கேட்டல், கையிலுள்ளதைப் பிடுங்க முடியாமை, காத்திருப்பு வட்டமாக அமைதல். நான்கில் ஒன்றை உடைத்தால் போதும். நடைமுறையில் உடைக்க எளிதானது கடைசி நிபந்தனை: எல்லா இழைகளும் பூட்டுகளை ஒரே ஒழுங்கில், உதாரணமாகச் சிறிய கணக்கு இலக்கத்திலிருந்து பெரியதற்கு, பெற வேண்டும் என்று விதித்துவிட்டால் வட்டம் உருவாகாது.

முட்டுநிலை இல்லாமலே முக்கியமான இழை முடங்குவதும் உண்டு. 1997 ஜூலை 4ஆம் திகதி செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி சில நாட்களில் தன்னைத்தானே மீளத் தொடங்கலாயிற்று. முன்னுரிமை குறைந்த வானிலைத் தரவுப் பணி பூட்டு ஒன்றை வைத்திருந்தது. முன்னுரிமை மிக்க பணி அதற்காகக் காத்திருந்தது. நடுத்தர முன்னுரிமைப் பணிகள் இடையில் புகுந்து, பூட்டை வைத்திருந்த பணியை ஓடவிடவில்லை. காத்திருக்கும் பெரியவரின் முன்னுரிமையை, பூட்டை வைத்திருக்கும் சிறியவருக்குத் தற்காலிகமாகக் கொடுக்கும் வசதி அந்த இயக்க முறைமையில் ஏற்கெனவே இருந்தது. அதைப் பூமியிலிருந்தே இயக்கிவிட்டதும் சிக்கல் தீர்ந்தது.

பகிராமல் அனுப்புதல்

பொதுக் கிணறே சிக்கல் என்றால், கிணற்றை நீக்கிவிட்டு ஒருவருக்கொருவர் குடத்தில் கொடுத்தனுப்பலாமே என்ற சிந்தனை பழையது. 1978இல் ஹோர் எழுதிய தொடர்பாடும் செயன்முறைகள் பற்றிய கோட்பாடு, எரிக்சன் நிறுவனத்தில் 1980களில் உருவான எர்லாங் மொழி, 2009இல் கூகுள் வெளியிட்ட கோ மொழி ஆகியவை இந்த வழியில் வருபவை. இங்கே ஓர் இழை தரவை வரிசை ஒன்றில் போடுகிறது, மற்றது எடுக்கிறது. பூட்டும் எழுப்புதலும் அந்த வரிசைக்குள் ஒரே தடவை சரியாக எழுதப்பட்டுவிடுகின்றன. புதிதாக நிரல் எழுதுபவருக்கு இவ்வழியே ஏற்றது; நிபந்தனை மாறியைக் கையால் எழுதும் தேவை பெரும்பாலானோருக்கு வராது.

இருந்தும் வரிசையின் கொள்ளளவைத் தீர்மானிக்காமல் விடுவது பெருந்தவறு. எல்லையற்ற வரிசை, எவ்வளவு கொட்டினாலும் நிறையாத தொட்டியாகத் தெரியும், நினைவகம் தீரும் நாள்வரை. எல்லை இருந்தால், நிறைந்ததும் அனுப்புபவர் தானாக நிற்பார். அந்த நிறுத்தம் பின்னோக்கிப் பரவி முழு நிரலும் தாங்கக்கூடிய வேகத்துக்கு வந்துவிடும். ஆனால் இரண்டு இழைகள் ஒன்றின் செய்திக்காக மற்றொன்று காத்திருந்தால், பூட்டே இல்லாமலும் முட்டுநிலை வரும்.

சோதனையில் ஏன் தெரிவதில்லை

இப்பிழைகள் வெளிப்பட இழைகள் குறிப்பிட்ட ஒழுங்கில் பின்னிக்கொள்ள வேண்டும். ஒருவர் மட்டும் மேசையில் இருந்து சோதிக்கும்போது அந்தப் பின்னல் நேர்வது அரிது. என்ன நடக்கிறது என்று பார்க்கப் பதிவு வரி ஒன்றைச் சேர்த்தால், அந்த வரி எடுத்துக்கொள்ளும் நேரமே பின்னலை மாற்றிப் பிழையை மறைத்துவிடும். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக் 25 என்னும் கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரத்தால் ஆறு விபத்துகள் நேர்ந்தன, நோயாளிகள் அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சுக்கு உள்ளாகினர், சிலர் உயிரிழந்தனர். அவற்றுட் சிலவற்றுக்குக் காரணமான போட்டி நிலை, இயக்குநர் தரவைப் பிழையாகப் பதிந்து சுமார் எட்டு வினாடிகளுக்குள் திருத்தினால் மட்டுமே வெளிப்படக்கூடியது. மெதுவாகத் தட்டச்சிடுபவர் கையில் அதே இயந்திரம் ஒழுங்காக இயங்கியது.

மீண்டும் ஆசனத்துக்கு

இப்போது பஸ் முற்பதிவின் தீர்வைப் பார்க்கலாம். மூன்று படிகளையும் ஒரு பூட்டுக்குள் வைத்தால் ஒரு சேர்வருக்குள் சிக்கல் தீரும். பயணிகள் பெருகி இரண்டாவது சேர்வர் சேர்க்கப்படும் நாளில் அது திரும்பி வரும். ஏனெனில் ஒரு செயன்முறையின் நினைவகத்தில் உள்ள பூட்டு மற்ற இயந்திரத்துக்குத் தெரியாது. எனவே காவல், இரு சேர்வர்களும் பொதுவாகச் சென்று சேரும் தரவுத்தளத்தில் இருக்க வேண்டும். பயண இலக்கமும் ஆசன இலக்கமும் சேர்ந்த இணை ஒரு தடவைக்கு மேல் பதியப்படக்கூடாது என்று அங்கே விதித்துவிட்டால், பின்னே வரும் பதிவைத் தரவுத்தளமே மறுத்துவிடும்.

இதற்குப் பிறகும் எஞ்சுவது பணம் செலுத்தும் நேரம். அட்டை இலக்கத்தைத் தேடி எடுத்து, வங்கியின் குறியீடு வரும்வரை காத்திருக்கும் சில நிமிடங்களுக்குப் பூட்டை வைத்திருக்க முடியாது. அதனால் ஆசனம் தற்காலிகமாக, எடுத்துக்காட்டாக 10 நிமிடங்களுக்கு, அப்பயணியின் பெயரில் நிறுத்திவைக்கப்படுகிறது. கரையோரக் கிராமம் ஒன்றில் இணைப்பு மந்தமாகி, பணம் செலுத்தப்பட்ட செய்தி 11ஆவது நிமிடத்தில் சேர்வருக்கு வருகிறது. நிறுத்திவைப்பு காலாவதியாகி ஆசனம் வேறொருவருக்குப் போய்விட்டது. பணச் செய்தியால் எழுப்பப்பட்ட இழை, உறுதிக் குறுஞ்செய்தியை அனுப்பும் முன் ஆசனம் இன்னும் அந்தப் பயணியின் பெயரில்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் பணத்தைத் திருப்பும் வரிசைக்கு அனுப்ப வேண்டும். அந்த ஒரு பார்வை எழுதப்படாத நிரலில், எல்லாப் பூட்டுகளும் சரியாக இருந்தாலும், இரவு எட்டரை மணிக்குப் பஸ் நிலையத்தில் நடத்துனரின் முன்னால் இரண்டு பேர் வந்து நிற்பார்கள்.